டாலர் ஏறினால் ஆர்டரும் ஏறுமா?

உலோக வால்வுகள் செய்து ஏற்றுமதி செய்யும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை அண்ணனோடு சேர்ந்து நடத்தும் வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். மாதம் 5,000 வால்வுகள் போகின்றன, ஒன்று 10 டாலருக்கு. பத்து மாதத்துக்கு முன் அவர் நாட்டுப் பணத்தில் 50 ஆக இருந்த டாலர் இன்று 60. "நம் பணத்தின் மதிப்பு 20 சதவீதம் விழுந்துவிட்டது, இனி ஏற்றுமதி பிய்த்துக்கொண்டு போகும், நாட்டின் உற்பத்தியும் கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரு வால்வுகூட அதிகமாகப் போகவில்லை. ஆனால் கையில் நிற்கும் காசு மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. இரண்டாவது ஷிப்ட் இன்னும் பாதி நாள் ஓடுவதில்லை" என்கிறார். அண்ணனுக்கோ இதுதான் நல்ல நேரம். டாலரில் 6 சதவீத வட்டிக்கு 6 லட்சம் டாலர் ஐந்தாண்டுக் கடன் வாங்கி, உள்நாட்டுச் சந்தைக்குக் குழாய் இணைப்புகள் செய்யும் புதுக்கூடம் ஒன்றைப் போடலாம் என்கிறார். உள்நாட்டுக் கடனுக்கு வட்டி 13 சதவீதம். கல்லூரியில் படிக்கும் மகள், "டாலர் கணக்கில் நம் பொருளாதாரமே சுருங்கிவிட்டது, இப்போது போய் யாராவது கடன் வாங்குவார்களா?" என்கிறாளாம். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் 'பணத்தின் சரிவு' என்ற ஒரே சொல்லை மூன்று பொருளில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு சின்னத் திருத்தம். 50 ஆக இருந்த டாலர் 60 ஆனால், டாலர்தான் 20 சதவீதம் ஏறியிருக்கிறது. உங்கள் பணம் இறங்கியது ஆறில் ஒரு பங்கு, அதாவது 17 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், வருடக்கணக்கில் ஏற்றுமதி செய்தவர்கள்கூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தப்பில்லை, ஆனால் கடன் கணக்கு என்று வரும்போது இடிக்கும்.

உங்கள் கணக்குப் புத்தகத்தில் நடந்தது

நாணய மாற்று விகிதம் ஒரு நாட்டின் உற்பத்தியை எப்படித் தொடுகிறது என்பதற்கு, நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய ஒரு பக்கக் கணக்கே நல்ல பாடம். அதையே எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே ஒரு வால்வுக்கு, உங்கள் நாட்டுப் பணத்தில்.

டாலர் 50 ஆக இருந்தபோது உங்களுக்கு வந்தது 500. இறக்குமதியாகும் உலோகக்கலவைக்கும் சீல்களுக்கும் ஐந்தரை டாலர், அதாவது 275. கூலி 110, மின்சாரம் 35, சரக்கு அனுப்புவதும் மற்றதும் 40. மிச்சம் 40. இன்று டாலர் 60. வரவு 600. இறக்குமதிப் பொருள் 330 ஆகிவிட்டது. எரிபொருள் வெளியிலிருந்து வருவதால் மின்சாரம் 42, சரக்குச் செலவு 46. கூலி அதே 110. மிச்சம் 72.

லாபம் 40லிருந்து 72க்குப் போய்விட்டது. சந்தோஷம்தான். ஆனால் நாட்டின் உற்பத்தியைக் கணக்கிடுபவர் உங்கள் வாசலுக்கு வந்தால், விலை ஏற்றத்தைக் கழித்துவிட்டு எத்தனை வால்வு செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார். அது அன்றும் 5,000, இன்றும் 5,000. உங்கள் பங்குக்கு நாட்டின் உற்பத்தி கூடவில்லை. யாரோ ஒருவர் கையிலிருந்த பணம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த யாரோ ஒருவரில் உங்கள் தொழிலாளர்களும் உண்டு. இறக்குமதி விலையேற்றம் அவர்கள் வீட்டுச் செலவில் ஏறியாகிவிட்டது, கூலியில் இன்னும் ஏறவில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் கேட்பார்கள். 110 கூலி 130 ஆனால் உங்கள் 72 உடனே 52 ஆகிவிடும்.

ஆர்டர் ஏன் கூடவில்லை? வாங்குபவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவருக்கு உங்கள் வால்வு நேற்றும் 10 டாலர், இன்றும் 10 டாலர். உங்கள் நாட்டுப் பணத்துக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவே தெரியாது. உலக வணிகத்தில் பெரும் பகுதி, அமெரிக்காவே சம்பந்தப்படாத வணிகம்கூட, டாலரில்தான் விலை பேசப்படுகிறது. அதனால் நாணயம் சரிந்த மறுநாள் இறக்குமதி விலை எகிறிவிடுகிறது, ஏற்றுமதி விலையோ அப்படியே நிற்கிறது.

சரி, விலையைக் குறைத்து ஆர்டர் பிடிக்கலாமே? பிடிக்கலாம். ஒன்பதரை டாலருக்கு இறக்கினால் வரவு 570, மிச்சம் 42. கிட்டத்தட்ட பழைய லாபம். அதாவது டாலர் 20 சதவீதம் ஏறியதில் உங்களுக்குக் கிடைத்த இடம் வெறும் 5 சதவீத விலைக்குறைப்புக்குத்தான். மீதியை இறக்குமதிப் பொருளும் மின்சாரமும் சரக்குக் கட்டணமும் தின்றுவிட்டன. உங்களோடு போட்டி போடுபவரின் நாட்டு நாணயமும் இதே அளவு இறங்கியிருந்தால் அவராலும் விலையைக் குறைக்க முடியும், அந்த 5 சதவீதத்தாலும் பலனில்லை. 2022இல் யூரோ, யென், பவுண்டு எல்லாமே டாலருக்கு எதிரே ஒன்றாகச் சரிந்தன. அப்படிப்பட்ட ஆண்டில் டாலரை மட்டும் பார்த்துவிட்டு 'நம் பணம் மலிந்துவிட்டது' என்று நினைப்பது ஏமாற்றத்தில்தான் முடியும். பார்க்க வேண்டியது, நீங்கள் விற்கும் நாடுகளும் உங்கள் போட்டியாளர்களும் சேர்ந்த கூடையின் சராசரி, அதிலும் விலைவாசி வித்தியாசத்தைக் கழித்த பிறகு நிற்கும் சராசரி. மத்திய வங்கிகள் வெளியிடும் 'உண்மை மாற்று விகிதக் குறியீடு' இதுதான்.

ஜப்பானில் இது பெரிய அளவில் நடந்தது. 2012 கடைசியில் டாலருக்கு 80 யென் சுமாராக இருந்தது, 2015இல் 120ஐத் தாண்டியது. நிறுவனங்கள் வெளிநாட்டு விலையை அதிகம் குறைக்கவில்லை. லாபம் குவிந்தது, பங்குச் சந்தை ஏறியது. கப்பலில் போன சரக்கின் அளவு எதிர்பார்த்தபடி கூடவில்லை. உங்கள் வால்வுக் கதையேதான்.

உற்பத்தி எப்போது கூடும், எப்போது சுருங்கும்

அப்படியானால் 'பணம் சரிந்தால் உற்பத்தி கூடும்' என்பது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை, நிபந்தனைகள் உண்டு.

முதலாவது நிபந்தனை காலம். வாங்குபவர் புது விலைக்குப் பழகி, பழைய ஒப்பந்தம் முடிந்து, வேறு ஆளை விட்டு உங்களிடம் வர ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதுவரை இறக்குமதிச் செலவு மட்டும் ஏறி நிற்பதால் வணிகக் கணக்கு முதலில் மோசமாகி, அப்புறம்தான் தேறும். வரைபடத்தில் ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரி இருக்கும் என்பதால் பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஜே வளைவு என்றே பெயர். 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 ஆக இறக்கியது. பிரதமர் ஹெரால்ட் வில்சன் தொலைக்காட்சியில் தோன்றி, உங்கள் பையில் இருக்கும் பவுண்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை என்கிற ரீதியில் பேசி, அதற்காகக் காலம் முழுக்கக் கேலிக்கு ஆளானார். நாட்டின் வெளிக்கணக்கு உபரிக்குத் திரும்பியது 1969இல்தான். பத்து மாதத்தில் உங்களுக்குப் பலன் தெரியவில்லை என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது நிபந்தனை, சும்மா கிடக்கும் இயந்திரமும் ஆட்களும். எல்லாக் கூடமும் மூன்று ஷிப்ட் ஓடும் நாட்டில் நாணயம் சரிந்தால் விலைவாசிதான் ஏறும், கூடுதலாகச் செய்ய ஆள் ஏது? பாதி நாடு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது கதை வேறு. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்திருந்த கட்டை அவிழ்த்தது, ஸ்காண்டிநேவிய நாடுகளும் உடனே பின்தொடர்ந்தன. பிரான்ஸ் 1936 வரை பிடிவாதமாகத் தங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. 1930களின் உலகப் பெருமந்தத்திலிருந்து முதலில் எழுந்தவர்கள் முதலில் கட்டை அவிழ்த்தவர்கள்தான். அதற்குப் பண்டம் மலிந்தது மட்டும் காரணம் இல்லை. நாணயத்தைக் காப்பாற்றும் வேலை போனதும் வட்டியைக் குறைக்க முடிந்தது. 1992 செப்டம்பர் 16இல் பிரிட்டன் பவுண்டைத் தாங்கிப் பிடிக்க ஒரே நாளில் வட்டியை 10லிருந்து 12க்கு ஏற்றி, 15 ஆக்குவோம் என்றும் அறிவித்து, மாலைக்குள் கைவிட்டது. அன்று அவமானமாகப் பேசப்பட்டது. அடுத்த வருடங்களில் வட்டி இறங்கி உற்பத்தி எழுந்ததும் பேச்சு மாறிவிட்டது. நாணயம் உயர்ந்து நிற்பதை நாட்டின் மானமாகப் பார்ப்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

மூன்றாவது நிபந்தனைதான் உங்களுக்கு முக்கியம். நாடு யாரிடம், எந்த நாணயத்தில் கடன் பட்டிருக்கிறது? 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் பாட் நாணயத்தை மிதக்கவிட்டது, அதாவது அதன் விலையைப் பிடித்துவைக்காமல் சந்தையிடம் விட்டுவிட்டது. 25 சுமாராக இருந்த டாலர், அடுத்த ஆறேழு மாதத்தில் 50ஐத் தாண்டியது. பாடப்புத்தகத்தின்படி ஏற்றுமதி கொழிக்க வேண்டும். நடந்ததோ வேறு. 1998இல் தாய்லாந்தின் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, இந்தோனேசியாவில் 13 சதவீதம் சுமார். வட்டி குறைவு என்று டாலரில் கடன் வாங்கி, உள்ளூரில் கட்டடமும் கூடமும் போட்டவர்கள் அங்கே ஏராளம். வரவு உள்நாட்டுப் பணத்தில், கடன் டாலரில். ஒரே இரவில் கடன் இரட்டிப்பானால் எந்தக் கம்பெனியும் ஆர்டர் எடுக்காது, சரக்கு வாங்க வங்கியும் பணம் தராது. மலிவான நாணயத்தால் கிடைக்க வேண்டிய லாபம் எல்லாம் கடன் பட்டவர்களின் வாசலிலேயே மடிந்தது. தென் கொரியாவும் 1998இல் சுருங்கியது, ஆனால் 1999இல் துள்ளி எழுந்தது. அர்ஜென்டினா 2002 ஜனவரியில் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்ற கட்டை உடைத்தபோது அந்த ஆண்டில் உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது, அப்புறம் சில ஆண்டுகள் வேகமாக வளர்ந்தது. முதலில் கடன் அடிக்கிறது, பிழைத்திருப்பவர்களுக்குப் பின்னால் மலிவு உதவுகிறது.

மகளின் வாதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாலர் கணக்கில் பொருளாதாரம் சுருங்கியது என்பது அளவுகோல் நீண்டதால் துணி குறைந்ததாகத் தெரிவது மாதிரி. 2023இல் டாலர் கணக்கில் ஜெர்மனி ஜப்பானைத் தாண்டி மூன்றாம் இடத்துக்கு வந்தது. அதே வருடம் ஜெர்மனியின் உற்பத்தி சற்றே சுருங்கியிருந்தது, ஜப்பானோ யென் கணக்கில் வளர்ந்திருந்தது. யென் சரிந்ததுதான் வித்தியாசம். நாட்டின் உற்பத்தி கூடியதா என்று அறிய, சொந்தப் பணத்தில், விலையேற்றத்தைக் கழித்த கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மகளிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டும் வலிமையை அளக்க டாலர் கணக்கு பொருத்தமானதுதான். கடன் வேண்டாம் என்று அவள் சொல்லும் காரணம் தப்பு, அவளுடைய பயம் தப்பில்லை.

அண்ணன் சொல்லும் டாலர் கடன்

அண்ணனுடைய மூக்கு சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது. இறக்குமதிக் குழாய் இணைப்புகள் 20 சதவீதம் விலை ஏறிவிட்டன, உள்நாட்டில் செய்பவருக்கு இடம் திறந்திருக்கிறது. நாணயச் சரிவு உற்பத்தியைக் கூட்டும் வழிகளில் பலர் மறந்துவிடுவது இதைத்தான். எனக்கு அவருடைய தொழில் யோசனையில் குறையில்லை. அதற்கான பணத்தை அவர் தேடும் இடத்தில்தான் குறை.

'நமக்குத்தான் டாலர் வருகிறதே' என்பது அவருடைய வாதமாக இருக்கும். கணக்குப் போடுவோம். மாதம் 50,000 டாலர் வருகிறது. அதில் 27,500 இறக்குமதிப் பொருளுக்கே திரும்பிப் போகிறது. மீதி 22,500இல் கூலி, மின்சாரம், சரக்குச் செலவு எல்லாம் 16,500. கையில் நிற்பது 6,000 டாலர். 6 லட்சம் டாலர் கடனுக்கு மாதத் தவணை 11,600 சுமார் வரும். மீதி 5,600 டாலரைப் புதுக்கூடம்தான் தர வேண்டும், அதன் வரவோ உள்நாட்டுப் பணத்தில். டாலர் 72 ஆனால் அந்த 5,600க்கு 3,36,000க்குப் பதில் 4,03,200 தேட வேண்டியிருக்கும். அப்போது வால்வு லாபமும் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் நாணயம் அந்த அளவுக்குச் சரியும் காலத்தில் மத்திய வங்கி வட்டியை ஏற்றும், கட்டட வேலை படுக்கும், குழாய் இணைப்பு வாங்க ஆள் குறையும். தவணை ஏறும் அதே மாதத்தில் விற்பனை இறங்கும்.

6க்கும் 13க்கும் உள்ள 7 சதவீத வித்தியாசம் இலவசம் என்று நினைப்பதுதான் பெரிய தவறான எண்ணம். பத்து மாதத்துக்கு முன் டாலர் 50இல் இதே கடனை எடுத்தவருக்கு அசலே 20 சதவீதம் ஏறிவிட்டது. வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு, ஒரு வருடம் கழித்து வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசிக்கொள்வது. அந்த விலையைக் கேட்டுப் பாருங்கள். இன்றைய விலையைவிட, ஏறக்குறைய இரண்டு வட்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு அதிகமாக இருக்கும். ஆபத்தை மூடிக்கொண்டு வாங்கினால் 6 சதவீதக் கடன் 13ஐ ஒட்டித்தான் வந்து நிற்கும். மூடாமல் வாங்கினால் நீங்கள் வால்வு வியாபாரத்தோடு நாணய வியாபாரமும் செய்கிறீர்கள்.

இதையும் மீறி டாலர் கடன்தான் என்று முடிவானால், கையெழுத்துக்கு முன் கடன் தருபவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை:

1. வட்டி நிலையானதா, மாறக்கூடியதா? 2022 மார்ச்சில் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதத்துக்குப் போய்விட்டது.

2. நாணயம் சரிந்தால் கூடுதல் அடமானம் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டா? உண்டென்றால் எந்த அளவு சரிந்தால்?

3. நடுவில் உள்நாட்டுப் பணக் கடனாக மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டா? மாற்றும் விகிதம் மத்திய வங்கி வெளியிடுவதா, அவர்களே நிர்ணயிப்பதா?

மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போலந்தில் சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக்கடன் வாங்கிய குடும்பங்கள், 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்து தன் நாணயத்தின் மதிப்புக்கு வைத்திருந்த உச்சவரம்பைத் திடீரென்று நீக்கியபோது, ஒரே நாளில் கடன் வீங்கிப்போனதைப் பார்த்தார்கள். பின்னால் வழக்குகளில் அடிபட்டது முக்கியமாக, மாற்று விகிதத்தை வங்கியே வைத்துக்கொள்ளலாம் என்ற ஒப்பந்த வரிதான். 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் கடன்தாரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அவர்கள் நுகர்வோர். நீங்கள் தொழில் நிறுவனம். அந்தப் பாதுகாப்பு உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். ஒப்பந்தத்தை உங்கள் வழக்கறிஞர் படிக்கட்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வதைச் சொல்கிறேன். முதலில் அந்தப் பாதி ஓடாத இரண்டாவது ஷிப்டை நிரப்பப் பார்ப்பேன். எல்லோருக்கும் விலையைக் குறைக்காமல், அளவைக் கூட்டித் தருகிறோம் என்று ஒப்புக்கொள்ளும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களுக்கு, கூடுதல் எண்ணிக்கைக்கு மட்டும் ஒன்பதரை டாலர் சொல்வேன். இதற்குக் கடனே வேண்டாம். சீல்களையாவது உள்நாட்டில் வாங்க முடியுமா என்று தேடுவேன். டாலர் கடன் என்றால் ஏற்றுமதிக்கான இயந்திரத்துக்கு மட்டும், 2 லட்சம் டாலரைத் தாண்டாமல். அதன் தவணை 3,900க்குள் இருக்கும், கூலி உயர்ந்தாலும் 6,000இல் மூச்சு விட இடம் கிடைக்கும். குழாய் இணைப்புக்கூடத்தை அண்ணன் சிறிதாக, 13 சதவீத உள்நாட்டுக் கடனில் தொடங்கட்டும். அந்த வட்டியைக் கட்டித் தாங்காத தொழில் என்றால் 6 சதவீதத்திலும் அதைத் தொட வேண்டாம்.

ஃபார்வர்டு விலையைக் கேட்டு வாங்கியதும் எனக்கு எழுதுங்கள், மீதிக் கணக்கைப் போட்டுவிடலாம். கேட்ட தேதியையும் நேரத்தையும் மறக்காமல் குறித்து அனுப்புங்கள். காலையில் சொன்ன விலை மாலையில் இருக்காது.